கிளிக்கர் வாங்க வசதியில்லையா? அச்சிட்ட அட்டை போதும்

மாணவர் ஒவ்வொருவருக்கும் கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடையளிக்கும் சிறு கருவி) வாங்க முடியாத பள்ளிகளுக்குப் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலியின் அட்டைகள் அருமையான மாற்று. ஆசிரியரிடம் அந்தச் செயலியுள்ள ஒரு செல்போன் இருந்தால் போதும். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை இலவசமாக இறக்கி அச்சிட்டு, வருகைப் பதிவேட்டு எண்படி கொடுங்கள். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி இருக்கும். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி மாணவர் பிடித்தால், அட்டையில் உள்ள கறுப்புக் கட்டத்தைச் செல்போன் கேமரா படித்துக்கொள்ளும். எழுத்து பொடியாக இருப்பதால் எட்டிப் பார்த்துக் காப்பியடிப்பது கஷ்டம்.

கேமரா அட்டையைப் படிக்கவில்லையா? பெரும்பாலும் விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்திருக்கும். ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டவே வேண்டாம், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னும். கெட்டி அட்டையே மேல்.

சரியான விடை சொன்ன மாணவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.