கல்கால் நடும் முன்னே

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் பெரியப்பா தன் மாந்தோப்புக்கு வேலி போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் லாரியில் கல்கால் வந்து இறங்கியது. பொழுது சாய்வதற்குள் கிழக்குப் பக்கம் முழுக்க நட்டு, கம்பியும் இழுத்தாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. "அண்ணா, வடக்குக் கோடியில ரெண்டடி என் பக்கம் வந்துட்டீங்க, அளந்து பாத்துக்கலாம்" என்றார், அவ்வளவுதான். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா காலத்து வரப்புடா இது!"

தவறு அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. வரப்பு எல்லை அல்ல. ஒவ்வொரு உழவுக்கும் ஏர் ஓட்டுகிறவர் ஒரு விரல்கடை சீவுவார், மழை ஒரு பக்கம் கரைக்கும், டிராக்டர் திரும்பும் இடத்தில் கோடி மழுங்கும். முப்பது வருடத்தில் வரப்பு நகர்ந்து வேறு இடத்தில் படுத்திருக்கும். நிலத்தின் எல்லை எது என்பதைச் சொல்வது எஃப்.எம்.பி. என்கிற புலப்படம், அதில் உள்ள அளவுகள், அந்த அளவுகள் முடியும் இடத்தில் புதைத்த சர்வே கல். பட்டா, சிட்டாவோடு புலப்படத்தையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். பழைய படங்களில் அளவு மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அந்த எண்ணை மீட்டர் என்று படித்துவிட்டுக் கொல்லை சுருங்கிவிட்டதாகப் பதறியவர்களும் உண்டு.

இன்னொரு புதுப் பழக்கம், செல்போன் ஆப்பில் எல்லை பார்ப்பது. போனில் உள்ள ஜி.பி.எஸ். வெட்டவெளியிலேயே சில மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். நம் தகராறு நடப்பதோ அரை அடி, ஒரு அடிக்கு. வாங்கப் போகும் நிலத்தை எட்ட நின்று பார்க்க ஆப் போதும், கல்கால் நட அது உதவாது.

அளவைக்கு முறையாக விண்ணப்பம் போட்டுக் கட்டணம் கட்டினால் சர்வேயர் வருவார், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் போகும். அந்த நோட்டீஸைத் தொல்லை என்று நினைத்து, தெரிந்த ஆளைக் கூட்டிவந்து சங்கிலி பிடிப்பவர்கள் அதிகம். அண்டை நிலத்துக்காரர் இல்லாமல் அளந்த அளவு நமக்குப் பிடித்த அளவாக இருக்கலாம், ஆனால் நாளைக்கு அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கூட்டுப் பட்டாவாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட பாகத்துக்குப் புலப்படத்தில் கோடு கிடையாது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகுதான் சர்வேயரால் "இது உன் எல்லை" என்று காட்ட முடியும்.

பெரியப்பா கொல்லைக்கு சர்வேயர் வந்த அன்று நானும் போயிருந்தேன். வடகிழக்கு மூலையில் கல்லைக் காணோம். தெற்குக் கல்லிலிருந்தும் மேற்குக் கல்லிலிருந்தும் டேப் பிடித்து, இரண்டு அளவும் சந்தித்த இடத்தில் கடப்பாரையைப் போட்டார்கள். ஒரு முழ ஆழத்தில் ணங்கென்று சத்தம். மண்ணைக் கையால் வழித்ததும் கல்லின் தலை தெரிந்தது. புது வேலி அதைத் தாண்டிச் சரியாக இரண்டடி அந்தப் பக்கம் நின்றது. தெற்குக் கோடியில் வித்தியாசம் இல்லை, வடக்கே போகப் போக விலகல். 300 அடி நீளத்துக்கு முக்கோணமாகக் கணக்குப் போட்டால் 300 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. முக்கால் சென்ட்டுக்கும் குறைவான நிலத்துக்காக நட்ட கல்கால்களையெல்லாம் பிடுங்கி மறுபடி நட்டோம். கூலி இரட்டிப்பு, உடைந்த கற்கள் தனி.

சர்வே கல்லைப் பற்றி இன்னொன்று. வேலி போட வரும் ஆட்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரியும். பிடுங்கி ஓரமாகப் போடுவார்கள், சில இடங்களில் அதையே ஒரு காலாக நட்டும் விடுவார்கள். 1923-ம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி கல்லைப் பராமரிக்கும் பொறுப்பு பட்டாதாரருடையது. பிடுங்கினாலோ நகர்த்தினாலோ குற்ற வழக்கு வரும். வேலை தொடங்கும் முன் எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், ஆட்கள் கண்ணில் படட்டும். காலும் கம்பியும் நம் பக்கமே நிற்கட்டும். கேட் உள்பக்கம் திறக்கட்டும்.

நம் பக்கம் தப்பே இல்லை, அடுத்தவர்தான் வேலியை நம் நிலத்தில் நட்டுவிட்டார் என்றால்? "சொந்தக்காரன்தானே, அப்புறம் பேசிக்கலாம்" என்று விடுவதும் தவறுதான். தனியார் நிலத்தில் 12 ஆண்டு வெளிப்படையாக, தடையில்லாமல் அனுபவித்துவிட்டால், எதிரிடை அனுபோகம் என்று சொல்லி அவர் நிலத்துக்கே உரிமை கேட்கலாம். வாயால் சொன்னது நிற்காது, எழுத்தில் கேளுங்கள்.

வழி அடைபடுவதால் வரும் வழக்குகளுக்கும் இங்கே குறைவில்லை. உள்கொல்லைக்காரர் இருபது வருடத்துக்கு மேலாக, யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் உரிமையாகவே நம் நிலம் வழியாக வண்டி ஓட்டி வந்திருந்தால், 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அவர் பக்கம் பேசும். பட்டா நம் பெயரில் இருக்கிறது என்பதற்காக ஒரே நாளில் கம்பியை இழுத்து அடைத்தால், அவர் தடை உத்தரவோடு வந்து நிற்பார். வண்டிப்பாதை, ஓடை, ஏரிக்கால்வாய் இவை புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் கதை வேறு. "ஓடையில பத்து வருஷமா தண்ணியே வரல" என்பது பதில் ஆகாது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி-மெமோ என்கிற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும், வேலி போகும்.

இனி கரண்ட் வேலி. மற்றத் தவறுகளுக்குப் பணம் போகும், இதில் உயிர் போகும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே கொல்லையைச் சுற்றி இழுத்திருந்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. பன்றிக்கு வைத்தது என்று சொன்னால் சட்டம் கேட்காது. யானை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், தண்டனை 3 ஆண்டில் தொடங்கி 7 ஆண்டு வரை போகும். இலவச மோட்டார் இணைப்பிலிருந்து கொக்கி போட்டிருந்தால் மின்திருட்டு வழக்கும் சேரும். ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வந்த பங்காளி அந்தக் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சோலார் வேலியும் கரண்ட்தானே என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. வீட்டு மின்சாரம் தொட்ட கையை விடாமல் தொடர்ந்து பாயும். சோலார் வேலியில் உள்ள எனர்ஜைசர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்து, ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை, கண் சிமிட்டுவதைவிடக் குறைந்த நேரத்துக்குத் துடிப்பாக அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், சுளீரென்று அடித்துவிட்டு விட்டுவிடும். இந்தியத் தர முத்திரை இல்லாத எனர்ஜைசரை வாங்காதீர்கள். பேட்டரி செத்த அன்று ஆத்திர அவசரத்துக்கு வீட்டு லைனை அதில் மாட்டவே மாட்டாதீர்கள். 2023-ல் தமிழக அரசு இதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் மின்வேலிகளை வனத்துறையில் பதிய வேண்டும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிக் கொல்லை வைத்திருப்பவர்கள் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

காசு குறைவாக இருக்கிறதா, கிளுவைப் போத்தை, அதாவது கிளையை வெட்டி, நட்டுவிடுங்கள். வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலம் மட்டும் வேண்டாம். ஆடு காயைத் தின்று போட்ட இடமெல்லாம் முளைக்கும், பிறகு வேலி எது, கொல்லை எது என்று தெரியாது.

உடைந்த கல்கால்களில் இரண்டைப் பெரியப்பா திண்ணை ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறார். சாயங்காலத்தில் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து உட்கார்ந்து டீ குடிப்பது அதன் மேல்தான்.