ஆறு ஏன் அறுபது ஆகிறது? பிள்ளைகளுக்கு எண்களை எழுத்தால் எழுதப் பழக்குவது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாடம் படிக்க வருவார்கள். எல்லாம் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு. நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். சரி, 70-ஐ எழுத்தால் எழுது என்றால் பாதிப் பேர் ‘ஏழுபது’ என்று எழுதுவார்கள். ஒரு பையன் ‘ஏழு பத்து’ என்று எழுதிவிட்டு, “மலாய்ல துஜோ புலோதானே டீச்சர்” என்றான். அவன் யோசித்ததில் தப்பே இல்லை. மலாயில் துஜோ என்றால் ஏழு, புலோ என்றால் பத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுபது, ஓர் எழுத்தும் மாறாது. தமிழில் சொற்கள் ஒட்டும்போது உருமாறும். அந்த மாற்றத்தைக் காட்டாமல், ஒன்று முதல் நூறு வரை பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினால் பிள்ளைக்குக் கைதான் வலிக்கும்.

முதல் பத்து எண்களில் சிக்கலே பேச்சுதான். வீட்டில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஒம்பது என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அப்படியே எழுதத்தான் செய்யும். அதைத் தப்பு என்று அடிக்காதீர்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘வாய் சொல்வது’, அந்தப் பக்கம் ‘கை எழுதுவது’ என்று இரண்டையும் எழுத விடுங்கள். கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை நாம் அஞ்சடி என்போம், மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்பார்கள், தமிழில் எழுதினால் ஐந்தடி. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு அஞ்சு, ஐந்து இரண்டும் ஒன்றுதான் என்று சட்டெனப் பிடிபட்டுவிடுகிறது.

பத்து முடிந்ததும் நேராக 11-க்குப் போகாதீர்கள், 20-க்குப் போங்கள். பாடநூல் வரிசை அப்படி இல்லை, தெரியும். ஆனால் பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்பவை, இருபதும் முப்பதும்தான் சாது. மணிலா அட்டையில் ஏழு துண்டு வெட்டுங்கள். முன்பக்கம் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பின்பக்கம் இரு, முப், நாற், ஐம், அறு, எழு, எண். தனியாக ஒரு துண்டில் ‘பது’. பிள்ளை ஆறை எடுத்துத் திருப்பி, பக்கத்தில் ‘பது’வை வைத்தால் அறுபது. ஆறும் ஏழும் நெடிலிலிருந்து குறிலாகச் சுருங்குவதை வாயால் நீட்டியும் குறுக்கியும் சொல்லிக் காட்டுங்கள். ‘ஏழுபது’ எழுதிய கைகள் பெரும்பாலும் அங்கேயே திருந்திவிடும்.

இந்த ஆட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை ஒன்பதுக்கு அட்டை எங்கே என்று கேட்கும், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 90 நூறைவிடச் சின்னது, ஆனாலும் தொண்ணூறு என்ற பெயருக்குள் நூறு இருக்கிறது. 900-ஐ எழுதினால் தொள்ளாயிரம், உள்ளே ஆயிரம். ஒன்பதுக்குள்ளேயே ஒரு ‘பது’ இருக்கிறது பாருங்கள். ஒன்பது எப்போதும் அடுத்த வீட்டுப் பெயரை வாங்கி வைத்துக்கொள்ளும் என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மனத்தில் வைத்துக்கொள்வார்கள். (பழைய தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றே ஒரு பெயர் இருந்தது. இது பெரியவர்களுக்கு, பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.)

அப்புறம் 21, 22. இருபது, பின்னால் இன்னோர் எண் வந்தால் ‘இருபத்து’ ஆகும். வருகிற எண் உயிரெழுத்தில் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும்: இருபத்தொன்று, இருபத்தைந்து, இருபத்தெட்டு. மூன்றும் நான்கும் மட்டும் மெய்யோடு தொடங்குவதால் தள்ளி நிற்கும்: இருபத்து மூன்று, இருபத்து நான்கு. இது வந்துவிட்டால் 99 வரை புதிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை, 90-களில் மட்டும் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று ‘ற்’ வரும்.

இப்போது திரும்பி வந்து பதினொன்று. பத்து ‘பதின்’ ஆகிறது: பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து, பதினாறு. பதினான்கில் ஒரு ‘ந’ காணாமல் போகும். பன்னிரண்டும் பத்தொன்பதும் தனி ஆட்கள், அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

நூறுகளில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறோம். ஒரு கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்ந்து ‘முன்னூறு வெள்ளி’ என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவள் நான். முந்நூறு என்பதே சரி. நானூறு, ஐந்நூறு, எண்ணூறு ஆகிய மூன்றையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். இருநூறு, அறுநூறு, எழுநூறு மூன்றுக்கும் பழைய அட்டைகளே போதும், ‘பது’ இருந்த இடத்தில் ‘நூறு’ என்று ஒரு துண்டு வைத்தால் ஆயிற்று.

பயிற்சிக்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டி எண்களைப் பாருங்கள். பேராக் வண்டிகள் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும், அதை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். செம்பனைக் குலை ஏற்றின லாரி மெதுவாகப் போகும், எழுத நேரம் கிடைக்கும். மோட்டார் சைக்கிள்காரர்களை நம்பாதீர்கள். இரண்டு இலக்கம் கைக்கு வந்த பிறகு மூன்று, அப்புறம் நான்கு. போன வாரம் 5308 போனது. ‘ஐயாயிரத்து முந்நூற்றெட்டு’ என்று ஒரு பெண்பிள்ளை எழுதி முடிப்பதற்குள் இன்னும் நான்கு வண்டி போய்விட்டது, அவள் தலையே நிமிரவில்லை.