ஆராய்ச்சிக்கு அமெரிக்கா வரும் பெற்றோரே, டேகேர் செலவை முன்பே விசாரியுங்கள்

பிஎச்டி படிக்கவோ போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) சேரவோ அமெரிக்கா வருபவர்கள் முதலில் வீட்டு வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். கைக்குழந்தை இருந்தால் அதற்கும் முன்னால் டேகேரை, அதாவது பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தை விசாரியுங்கள். பல நகரங்களில் ஒரு குழந்தையின் கட்டணமே வாடகையை எட்டிப் பிடிக்கும். குழந்தை எவ்வளவு சின்னதோ, கட்டணம் அவ்வளவு அதிகம். கலிஃபோர்னியாவில் நான்கு கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. அந்தச் சம்பளத்தை நான்கு பெற்றோர்தான் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

சரி, உதவி கிடைக்குமா? அது உங்கள் விசாவையும், உங்களுக்கு எந்த நிதியிலிருந்து பணம் வருகிறது என்பதையும் பொறுத்தது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். தரும் என்.ஆர்.எஸ்.ஏ. என்ற ஃபெலோஷிப்பில் (ஆராய்ச்சி உதவித்தொகையில்) இருப்பவர்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென்று ஆண்டுக்கு 2,500 டாலர் தருவது 2021-ல் தொடங்கியது. 2024-ல் அது 3,000 ஆனது. லைசென்ஸ் உள்ள டேகேராக இருக்க வேண்டும். இரண்டு குழந்தைகள் இருந்தாலும் தொகை மாறாது. ஆனால் இந்த ஃபெலோஷிப்புக்கே அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) வேண்டும். எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்) விசாவில் வரும் நம்மவர்களுக்கு வழியில்லை. ஒரே ஆய்வகத்தில் ஒரே வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் உதவி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதனால் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். விசாவைப் பார்க்காமல் மாணவப் பெற்றோருக்குத் தனி நிதி வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. குழந்தை இருப்பதைச் சொன்னால் வாய்ப்பு நழுவிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஆஃபர் கடிதம் கைக்கு வந்தபின், கையெழுத்துப் போடுவதற்கு முன், பேராசிரியரை விட்டுவிட்டு எச்.ஆர். அலுவலகத்துக்கு எழுதுங்கள். "நான் ஊழியரா, ஃபெலோவா?" என்று அவசியம் கேளுங்கள். ஊழியர் என்றால், வரி பிடிக்கும் முன்பே டேகேருக்குப் பணம் ஒதுக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்கு கிடைக்கலாம், 2026 முதல் அதன் உச்சவரம்பு குடும்பத்துக்கு 7,500 டாலர். சம்பளமாக இல்லாமல் ஸ்டைபெண்டில் (உதவித்தொகையில்) இருக்கும் ஃபெலோக்களுக்குப் பெரும்பாலும் இது கிடைக்காது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்த எஃப்.எஸ்.ஏ. சலுகைக்குப் பொதுவாகக் கணவன், மனைவி இருவருமே வேலை பார்க்க வேண்டும், வேலை தேட வேண்டும் அல்லது முழுநேரம் படிக்க வேண்டும். எஃப்-1 காரரின் துணைவருக்குத் தரும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்கவே முடியாது. ஜே-1 காரரின் துணைவருக்கான ஜே-2 என்றால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1, ஜே-1 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், மற்ற நிபந்தனைகளோடு இதையும் எடை போடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று டேகேர் இடத்தை விட்டுவிடாதீர்கள். விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் தருவார்கள். அவர்கள் கிளம்பும்போது நீங்கள் மறுபடியும் வெயிட்லிஸ்டின் கடைசியில் நிற்பீர்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் பதிவது இங்கே சாதாரணம்.

நான்கு வயது நெருங்கிவிட்டால் பாரம் குறையும். கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிறையும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் டி.கே. (கிண்டர்கார்டனுக்கு முந்தைய) வகுப்பு இலவசம், விசா கேட்க மாட்டார்கள், முகவரிச் சான்று கேட்பார்கள்.

அப்புறம், தடுப்பூசி அட்டையை மறக்காமல் கைப்பையில் எடுத்து வாருங்கள். சின்னம்மை ஊசி போன்ற சில விடுபட்டிருக்கலாம். அவற்றைப் போட்டு, இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே பல டேகேர்களில் சேர்ப்பார்கள்.