அமைலேஸ் பாதியில் விட்டுப்போகும் வேலை

“கணைய அமைலேஸ் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக மாற்றுகிறது.” தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் கூடக் கிடைத்துவிடும். ஆனால் அது பாதிக் கதைதான். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ்கள் கோத்த நீண்ட சங்கிலி; அமைலேஸ் அந்தச் சங்கிலியை நடுநடுவே வெட்டும் நொதி. ஓரத்திலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுவதில்லை. அது வெட்டி முடித்தபின் மிஞ்சுபவை இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸ், மூன்று சேர்ந்த மால்டோட்ரையோஸ், கிளையோடு நிற்கும் டெக்ஸ்ட்ரின் துண்டுகள். கிளை பிரியும் இடத்திலுள்ள 1-6 பிணைப்பை அமைலேஸால் அறுக்க முடியாது.

மிச்ச வேலை சிறுகுடல் சுவரில் நடக்கிறது. மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் என்ற இரண்டு நொதிகளும் குடல் செல்களின் சவ்வில் பதிந்திருப்பவை. குடல் சாற்றில் மிதந்து திரிபவை என்று எண்ணுவது அடுத்த தவறு. பெயரைப் பார்த்துவிட்டு, சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் சுக்ரோஸ் எனும் சாதாரணச் சர்க்கரைக்கு மட்டுமே உரியது என ஒதுக்கிவிடவும் கூடாது; கிளைப் பிணைப்பை அறுப்பதில் பெரும்பங்கு அதனுடையதே. சுவரிலேயே விடுபடும் குளுக்கோஸ், சோடியத்தோடு சேர்ந்து அங்கேயே செல்லுக்குள் நுழைகிறது.

வேகவைப்பதே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும் என்பதும் தவறு. நீரோடு சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்து மணிகள் உப்பி, சங்கிலிகளின் இறுக்கமான அடுக்கு குலைகிறது. சங்கிலி அறுவதில்லை, நொதி உள்ளே புக வழி கிடைக்கிறது, அவ்வளவே. ஆறினால் சில சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்காகும். அந்தப் பகுதி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே வெந்ததெல்லாம் முழுதாகச் செரித்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆய்வகத்தில் பலரும் ஏமாறுவது, மாவுச்சத்தோடு நீலம் காட்டும் அயோடினிடம். சூடான கரைசலில் அயோடினின் நீலம் தானாகவே மறையும். அதைப் பார்த்து “செரித்துவிட்டது” என்று எழுதிவைத்தவர்களில் நானும் ஒருவன்! ஆறவைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆறிய பிறகும் நீலம் வரவில்லை என்றால், நீளமான சங்கிலி இல்லை என்று மட்டுமே பொருள். குட்டைத் துண்டுகள் அயோடினோடு நிறம் தருவதில்லை. சரி, சில சர்க்கரைகளை நிறமாற்றத்தால் காட்டும் பெனடிக்ட் சோதனை செய்தால்? மால்டோஸும் அதில் செங்கல் நிறம் காட்டும். குளுக்கோஸ்தானா என்று தெரிய வேண்டுமானால், குளுக்கோஸை இனங்காணும் நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸ் உள்ள சோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள்.