காருக்கு பேஸ்ட் வாக்ஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல்முறை போடுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

பேஸ்ட் வாக்ஸ், அதாவது காரின் பெயிண்டுக்கு மேல் பூசித் துடைக்கும் கெட்டி மெழுகு, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டப்பாவின் மேல் உள்ள படத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து ‘கார்னௌபா’ (ஒரு பனை மெழுகின் பெயர்) என்ற சொல் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது. யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கார் பகல் முழுக்க எங்கே நிற்கிறது? வருஷத்துக்கு எத்தனை முறை உங்களால் உட்கார்ந்து மெழுகு போட முடியும்? இதற்கு உண்மையான பதில் கிடைத்துவிட்டால் கடையில் இருக்கும் டப்பாக்களில் முக்கால்வாசியை ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்தபின் சுலபமாகத் துடைக்க வருகிற மெழுகைத்தான் நாம் திரும்பத் திரும்பப் போடுவோம். கை வலிக்க வலிக்கத் தேய்க்க வைக்கிற மெழுகு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஒருமுறை போட்டதோடு அலமாரிக்குப் போய்விடும். நான் முதன்முதலில் வாங்கிய டப்பாவுக்கு அதுதான் நடந்தது.

மெழுகு எதைக் காக்கும்?

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. கம்பெனியில் அடித்த பெயிண்டில் அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வெயில், பறவை எச்சம், சாலைத் தூசி என எல்லாவற்றையும் தாங்குவது அந்த மெல்லிய அடுக்குதான். நாம் போடும் மெழுகு அதற்கும் மேலே ஒரு மைக்ரான்கூட வராத ஒரு படலம். கிளியர் கோட் அடிபடுவதற்கு முன் தான் அடிபட்டுத் தேய்ந்துபோவதுதான் அதன் வேலை.

ஆகவே கீறல் மறையும் என்று எதிர்பார்த்து மெழுகு வாங்காதீர்கள். மெல்லிய வட்டக் கோடுகள் கொஞ்ச நாள் மங்கித் தெரியும், அவ்வளவுதான். கீறலை எடுப்பது பாலிஷின் வேலை. பாலிஷ் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுக்கும், மெழுகு அதன் மேல் படியும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பதால் பலர் மாற்றி வாங்கிவிடுகிறார்கள். பறவை எச்சத்துக்கும் மெழுகு முழுக் கவசம் இல்லை. எச்சம் பெயிண்டை அரிக்கத் தொடங்கும் முன் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். பார்த்தவுடன் நனைத்து, ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகை. வறண்ட காலத்தில் ஈரம் வெளியேறாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைகளின் மேல் மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஓலைகளை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து, உருக்கி வடிகட்டி அந்த மெழுகை எடுக்கிறார்கள். இயற்கையாகக் கிடைக்கும் மெழுகுகளில் மிகக் கடினமான ஒன்று இது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கார்னௌபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும்.

அந்தக் கடினத்தன்மைதான் சிக்கலும். சுத்தமான கார்னௌபா கையில் சில்லுச் சில்லாக உடையும். அதை அப்படியே காரில் தேய்த்தால் மெழுகு பரவாது. ஆகவே கரைப்பான், எண்ணெய், வேறு மெழுகுகள் எல்லாம் சேர்த்துத்தான் அதைப் பேஸ்டாக ஆக்குகிறார்கள். ‘100 சதவீதம் கார்னௌபா’ என்று எழுதியிருந்தால் டப்பா முழுக்க கார்னௌபா என்று அர்த்தம் இல்லை, அப்படி இருக்கவும் முடியாது. மற்றவை கலந்திருப்பதால் டப்பாவில் உள்ள கலவை அந்த 82 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். சதவீதக் கணக்கை நம்பி அதிகம் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வகை, செயற்கைப் பாலிமர் கலந்த பேஸ்ட். சீலன்ட் என்று சொல்வார்கள். கார்னௌபாவையும் பாலிமரையும் சேர்த்துச் செய்யும் கலப்பு வகையும் உண்டு. நீண்ட நாள் நிற்கும் என்று பேர் வாங்கிய கொலினைட் 476எஸ், ஜப்பானின் சாஃப்ட்99 ஃபுசோ கோட் போன்றவை எல்லாம் கார்னௌபாவை மட்டும் நம்பி நிற்பவை அல்ல. ஃபுசோ கோட் டப்பாவில் 12 மாதம் என்றே போட்டிருக்கும். வெட்டவெளியில் நின்று அடிக்கடி கழுவப்படும் கார்களில் எந்த மெழுகும் டப்பாவில் சொல்லும் காலத்தைவிடக் குறைவாகத்தான் தாங்கும். என் கணக்கில் கார்னௌபா பேஸ்ட் ஒன்றிலிருந்து இரண்டு மாதம் வரும், நல்ல சீலன்ட் நான்கு மாதத்துக்கு மேல் வரும்.

மூன்றாவதாக ‘கிளீனர் வாக்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. இதில் அழுக்கெடுக்கும் ரசாயனமோ, நுண்ணிய உராய்வுத் துகளோ சேர்ந்திருக்கும். பழைய, மங்கிப்போன பெயிண்டுக்கு இது நல்லது. ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும் காருக்கு ஒவ்வொரு முறையும் இதையே போட்டால், தேவையில்லாமல் கிளியர் கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் உங்கள் காரின் பெயிண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மேட் ஃபினிஷ் (பளபளப்பு இல்லாத பெயிண்ட்) என்றால் பேஸ்ட் வாக்ஸே கூடாது. திட்டுத் திட்டாகப் பளபளப்பு ஏறிவிடும், சரிசெய்வது கஷ்டம். சமீபத்தில் பெயிண்ட் அடித்த பாகம் என்றால் அதன் கரைப்பான் முழுக்க ஆவியாகி வெளியேற வேண்டும். 30 முதல் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாறாக, சீக்கிரத்தில் ஏதாவது பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சிலிகான் கலந்த மெழுகைத் தவிர்த்துவிடுங்கள். சிலிகான் ஒட்டிய இடத்தில் புதுப் பெயிண்ட் குழி குழியாக விலகும். செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் கெட்டியாகப் படிந்து நீண்ட நாள் நிற்கும் காப்புப் பூச்சு) போட்ட கார் என்றால் பேஸ்ட் வாக்ஸ் தேவையே இல்லை.

அடுத்து, கார் நிற்கும் இடம். மூடிய இடத்தில் நிற்கிறது, வாரக் கடைசியில்தான் வெளியே எடுப்பீர்கள், மெழுகு போடுவதே உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் கார்னௌபா பேஸ்ட் வாங்குங்கள். மனதார வாங்கலாம். நாள் முழுக்க வெயிலில் நின்று, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் போட நேரம் இல்லை என்றால் சீலன்ட் அல்லது கலப்பு வகை. பெரும்பாலோருக்கு ஏற்றது இந்த இரண்டாவதுதான் என்பது என் கருத்து.

நிறத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். கறுப்பு, அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் கார்னௌபா போட்டால் ஒரு ஆழம் வரும், ஈரமாக இருப்பது போலத் தெரியும். வெள்ளை, வெள்ளி நிறங்களில் அந்த வித்தியாசம் கண்ணுக்கு அதிகம் தெரியாது. அதனால் வெள்ளைக் காருக்குப் பளபளப்பை விட்டுவிட்டு எத்தனை நாள் நிற்கும் என்பதை மட்டும் பாருங்கள்.

கடைசியாக, டப்பாவைத் திறந்து பார்க்க விடுகிறார்கள் என்றால் பாருங்கள். மேல்பரப்பு வெடித்திருந்தால், ஓரத்திலிருந்து சுருங்கி விலகியிருந்தால், கரைப்பான் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்பாஞ்சைச் சுழற்றினால் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, பிறகு லேசாக ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கல் போல இருந்தால் முதல்முறை போடுகிறவருக்கு அது வேண்டாம். பெட்ரோல் வாடை போல வந்தால் பயப்படத் தேவையில்லை, அது கரைப்பான். மூடிய அறையில் மட்டும் வைத்துப் போடாதீர்கள். சின்ன டப்பாவே போதும். ஒரு காருக்கு ஒருமுறை பூச ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல் செலவாகக் கூடாது. ஆனால் தரைக்கும் மர சாமான்களுக்கும் போடும் பேஸ்ட் வாக்ஸைக் காருக்கு எடுக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வெயிலையும் மழையையும் மனதில் வைத்துச் செய்தவை அல்ல அவை.

போடும் முறை

காரை ஷாம்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பை வழியாக மணல் காகிதம் போல நறநறக்கும். அது கழுவிப் போகாத துகள், பெரும்பாலும் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள். அதன் மேல் மெழுகு போட்டால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். க்ளே பார் என்பது இந்தத் துகள்களை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி. வழுக்குவதற்கான திரவத்தை (லூப்ரிகன்ட்) நிறையத் தெளித்து, அந்தக் கட்டியை அழுத்தாமல் வழுக்கவிட்டு அந்த நறநறப்பு போகும்வரை தேயுங்கள். க்ளே கட்டி தரையில் விழுந்துவிட்டால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள், குப்பையில் போடுங்கள். ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், பானெட் முழுக்கக் கோடு விழும்.

நிழல் அவசியம். பெயிண்டின் மேல் புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் சூடான தகட்டில் மெழுகு போட்ட உடனே கரைப்பான் பறந்து, மெழுகு அப்படியே கெட்டிப்பட்டுவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மெழுகு பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், லேசில் போகாது.

இப்போது ஸ்பாஞ்சைக் கொஞ்சம் நனைத்துப் பிழிந்து, டப்பாவின் மேல் அரைச் சுற்று மட்டும் சுற்றுங்கள். அது போதும் என்று தோன்றாது. ஆனால் அது போதும். பானெட்டின் பாதி அளவுக்குப் பரப்பிப் பாருங்கள். சரியாகப் போட்டிருந்தால் லேசான மூடுபனி படிந்த மாதிரி தெரியும், வெள்ளையாகத் திட்டாகத் தெரியாது. புதிதாகப் போடுகிற எல்லோரும் தவறுவது இங்கேதான். பெயிண்ட் தாங்குவது மெல்லிய ஒரு படலத்தை மட்டும்தான். அதற்கு மேல் போட்டதெல்லாம் துணியில் போய்விடும், துடைக்கிற கைக்குத்தான் வேலை கூடும். போடும்போது ஸ்பாஞ்சில் காரின் நிறம் ஏறினால் பதற வேண்டாம். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்டில் அப்படித்தான் வரும்.

எவ்வளவு நேரம் காயவிடுவது என்பது மெழுகுக்கு மெழுகு மாறும். கொலினைட் 476எஸ் போன்றவற்றை நீண்ட நேரம் விட்டால் துடைப்பது போராட்டமாகிவிடும், ஒவ்வொரு பாகமாக முடித்துக்கொண்டு போவது நல்லது. எல்லா மெழுகுக்கும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. பூசிய இடத்தில் சுத்தமான விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு இழுத்த இடம் பளிச்சென்று தெரிந்து, விரலில் பொடியாக ஒட்டினால் தயார். ஈஷிக்கொண்டால் இன்னும் சில நிமிடம் பொறுங்கள்.

மடித்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல் துடையுங்கள். அடிக்கடி துணியின் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். எங்காவது பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மெழுகைத் தடவி, காயவிடாமல் உடனே துடையுங்கள். புது மெழுகின் கரைப்பான் பழையதை இளக்கிவிடும். இது தெரியாமல் ஒரு மதியம் முழுக்க ஒரே கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தக் கதவில் பிறகு வந்த கோடுகள் மெழுகால் வந்தவை அல்ல, என் அழுத்தத்தால் வந்தவை.

விட்டுப்போன இடம் இருக்குமோ என்றுதான் இரண்டாவது பூச்சு. குறைந்தது சில மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் கழித்துப் போடுங்கள். மூன்றாவது, நான்காவது என்று அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எப்போது மறுபடியும்?

மெழுகு போட்ட பெயிண்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். மெழுகு போகப் போக முத்துகள் தட்டையாகி, ஓரம் கோணலாகி, கடைசியில் தண்ணீர் விரிப்பாகப் படிந்து அங்கேயே நிற்கும். மழை பெய்து முடிந்ததும் பானெட்டையும் கூரையையும் பாருங்கள். முதலில் தேய்வது அவைதான், வெயில் நேராக விழுவது அங்கேதானே. பக்கக் கதவுகள் நன்றாக இருந்தால் மேல்பக்கத்துக்கு மட்டும் இன்னொரு முறை போட்டாலும் போதும். ஆனால் ஒன்று: கார் வெறுமனே அழுக்காக இருந்தாலும் முத்து வராது. கழுவிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலை முடிந்ததும் துணிகளைத் தனியாக, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் சேர்க்காமல் துவையுங்கள். ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து, சிறிய பையில் போட்டுத் தனியாக வையுங்கள். டப்பாவின் விளிம்பில் ஒட்டிய மெழுகைத் துடைத்துவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள். விளிம்பில் மெழுகு இருந்தால் மூடி சரியாக உட்காராது, அந்த இடுக்கு வழியாகவே கரைப்பான் போய், அடுத்த முறை திறக்கும்போது மெழுகு வெடித்துக் கிடக்கும். காரின் டிக்கியில் வைக்காமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.