இன்ட்ரோவர்ட்டிடம் நாம் செய்யும் தவறுகளும், அவர் தனக்கே செய்துகொள்ளும் தவறுகளும்

கல்யாண மண்டபத்தில் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். சம்பாத்தியம் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்பார் பெரியப்பா. வீட்டில் ஏதோ சண்டை, முகமே சரியில்லை என்பார் அத்தை. சின்ன வயதிலிருந்தே கூச்சம் என்று ஒருவர், சரியான அமுக்குணி என்று இன்னொருவர். அவரோ வயிறாரச் சாப்பிட்டு, பள்ளித் தோழன் ஒருவனிடம் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசிவிட்டு, இன்றைக்கு இது போதும் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

பேசாமல் இருப்பவரின் மௌனத்துக்கு நாமே ஓர் அர்த்தம் போட்டுவிடுகிறோம். உள்ளே ஓடும் எண்ணங்களில் அதிகம் ஆழும் இன்ட்ரோவர்ட்டுகள் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகின்றன. மிச்சக் கால்வாசி அவர்களே செய்துகொள்வது. அதற்கும் வருகிறேன்.

கூச்சத்தோடு போட்டுக் குழப்புவது

இன்ட்ரோவர்ட் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங். மனித வகைகளைப் பற்றி 1921-இல் எழுதிய நூலில், ஒருவரின் ஆர்வம் இயல்பாக எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான் அவர் பார்த்தார்: வெளியே இருக்கும் ஆட்கள், நிகழ்ச்சிகள் பக்கமா, உள்ளே ஓடும் எண்ணங்கள் பக்கமா? பயத்துக்கு அங்கே வேலை இல்லை. கூச்சத்திலோ பயம் இருக்கிறது, அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்ற பயம்.

1981-இல் ஜொனாதன் சீக், அர்னால்ட் பஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கூச்சத்தையும், கூட்டத்தை நாடும் குணத்தையும் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்று தெரிந்தது. முன்பின் தெரியாதவரோடு பேசும்போது அதிகம் தவித்தவர்கள், ஆட்களோடு இருக்க ஆசைப்பட்டும் கூச்சப்பட்டவர்கள்தான். தனிமையை விரும்பியவர்களுக்கு அந்தத் தவிப்பு அவ்வளவு இல்லை.

முன்னூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துத் தெளிவாகப் பேசிவிட்டு, அப்புறம் டீ குடிக்கும் இடத்தில் 'வேற என்ன சார் விசேஷம்?' என்ற கேள்விக்கு முழிப்பவர் இன்ட்ரோவர்ட்டாக இருக்கலாம். மேடை ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய், நெஞ்சு படபடத்து, கடைசியில் காய்ச்சல் என்று சொல்லித் தப்பிப்பவர் கதை வேறு. தனக்கு வேண்டிய வேலையையும் பிடித்த நட்பையும்கூட ஒருவர் இந்தப் பயத்தால் விட்டுக்கொடுக்கிறார் என்றால், அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, பலனும் கிடைக்கிறது. 'நான் இன்ட்ரோவர்ட், அவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டே மனநல மருத்துவரிடம் போகாமல் வருடங்களைக் கடத்துவதுதான் இந்தக் குழப்பத்தின் மோசமான விளைவு. எந்தக் கோளாறும் இல்லாத பிள்ளையை ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்த்துப் பணத்தைக் கரைப்பது அதற்கு அடுத்தது. என் கண்ணில் அதிகம் படுவது இந்த இரண்டாவது ரகம்.

களைப்பைக் கோபம் என்று எடுத்துக்கொள்வது

விசேஷ வீட்டிலிருந்து வந்ததும் வராததுமாக அறைக் கதவைச் சாத்திக்கொள்பவரிடம், 'எங்க வீட்டு ஆளுங்கன்னாலே உங்களுக்கு ஆகாது' என்று ஆரம்பிக்கும் சண்டைகள் எத்தனை! பெரும்பாலும் அங்கே கோபமே இருக்காது.

லண்டனில் பணிபுரிந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் 1967-இல் இதற்கு உடல் சார்ந்த ஒரு விளக்கம் சொன்னார். இன்ட்ரோவர்ட்டின் மூளை இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் விழிப்பில் இருக்கிறது. அதனால் அதே சத்தமும் வெளிச்சமும் பேச்சும் அவருக்குச் சீக்கிரமே போதும் போதும் என்றாகிவிடுகின்றன என்றார். நாக்கில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அதில் இன்ட்ரோவர்ட்டுகளுக்கு எச்சில் அதிகம் ஊறியது என்பது அவர் தரப்புக்குச் சாதகமாக வந்த முடிவுகளில் ஒன்று. இன்று இதையே முழு விளக்கமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. புது ஆட்கள், பரபரப்பு, பாராட்டு போன்றவற்றை ஆர்வம் வெளிப்பக்கம் ஓடும் எக்ஸ்ட்ரோவர்ட்டின் மூளை அதிகமாக நாடுகிறது என்ற விளக்கத்துக்கும் இப்போது நல்ல செல்வாக்கு இருக்கிறது.

'பேட்டரி இறங்கிவிட்டது' என்று இணையத்தில் எல்லோரும் சொல்வது வசதியான பேச்சு, அவ்வளவுதான். அதே ஆள் தனக்குப் பிடித்த விஷயத்தை ஒரே ஒருவரிடம் நாலு மணி நேரம் பேசிவிட்டு உற்சாகமாக எழுந்து போகிறாரே, அந்தக் கணக்கு பேட்டரியில் இடிக்கும்.

பதில் வராவிட்டால் சரக்கு இல்லை என்று முடிவு கட்டுவது

அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் 'இதுக்கு என்ன பண்ணலாம்?' என்கிறார். உடனே வாயைத் திறக்கும் பலருக்குப் பேசப் பேசத்தான் யோசனை வருகிறது. இன்ட்ரோவர்ட்டின் தலைக்குள் நடப்பது வேறு. போன தடவை இதே மாதிரி செய்து எங்கே மாட்டினோம் என்பது முதலில் நினைவுக்கு வரும். ஒரு வாக்கியம் உருவாகும். அதில் ஒரு ஓட்டை தெரியும், அடைப்பார். இதைச் சொன்னால் அவர் இப்படித் திருப்பிக் கேட்பாரே என்று அதற்கும் ஒரு பதில் தயாராகும். சரி, சொல்லிவிடலாம் என்று நிமிரும்போது கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். ராத்திரி பல் தேய்க்கும்போது அந்த வாக்கியம் பிசிறில்லாமல் முழுசாக வந்து நிற்கும். யாருக்கு என்ன பிரயோஜனம்?

மேலாளர்கள் இதற்குச் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. என்ன பேசப்போகிறோம் என்று முந்தின நாளே ஒரு மின்னஞ்சல் போடலாம். யோசனையை முதலில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம். கூடிப் பேசினால்தான் யோசனை கொட்டும் என்ற நம்பிக்கையை 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துவிட்டார்கள். நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தால், நாலு பேர் கூடி உட்கார்ந்து யோசித்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் இருந்தன. அப்படியும் வளாக நேர்காணல்களில் குழு விவாதம் வைத்து, யார் முதலில் குறுக்கே பாய்கிறார் என்று பார்த்து ஆள் எடுக்கும் வழக்கம் போகவில்லை.

அமைதியானவருக்கு ஆட்களை மேய்க்கத் தெரியாது என்பதும் இதே ரகம். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ, டேவிட் ஹாஃப்மன் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் பீட்சா கடைகளை எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்களே முன்வந்து யோசனை சொல்லும் கடைகளில், அதிகம் பேசாத மேலாளர்கள் நடத்திய கடைகளுக்கு லாபம் கூடுதலாக இருந்தது. சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த கடைகளில் கலகலப்பான மேலாளர்கள் முந்தினார்கள். ஆக, கீழே வேலை பார்ப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

குழந்தையை எல்லோர் முன்னாலும் நிறுத்துவது

'மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு.' குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைக்கிறது. 'இவன் இப்படித்தாங்க, யார்கிட்டயும் பேச மாட்டான்' என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார். முந்தானைக்குள் இருக்கும் காது இதைக் கேட்கிறது. அடுத்த வீட்டிலும் இதையே சொல்வார்கள். தான் யார் என்று அவனுக்கு முதலில் கிடைக்கும் விவரம் இதுவாகிவிடுகிறது.

ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மை, புதுக் குரல், புது வாசனை எல்லாம் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகள் கைகாலை உதறி அழுதன. பின்னாளில் புது ஆட்களிடம் தயங்கி நின்றவர்களில் இந்தக் குழந்தைகள் அதிகம். கேகன் அளந்தது தயக்கத்தைத்தான். அத்தனை பேரையும் இன்ட்ரோவர்ட் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இயல்பில் ஒரு பகுதி கூடவே பிறக்கிறது என்பது தெளிவு. அதற்காகப் பொத்திப் பொத்தி வளர்ப்பதும் உதவாது. வந்தவரிடம் ஒரு தட்டில் முறுக்கை நீட்டச் சொல்லுங்கள்; அதற்குப் பேச்சு வேண்டாம். பத்து நிமிஷம் கழித்துப் பையன் தானாகவே தன் பொம்மைக் காரைக் கொண்டுவந்து காட்டினாலும் காட்டுவான்.

நாலு எழுத்தில் வாழ்க்கையைச் சுருக்குவது

இனி இன்ட்ரோவர்ட்டுகள் பக்கம். ஆளுமைத் தேர்வு ஒன்றை எழுதி, அது தரும் நாலு எழுத்து வகையை வைத்து, நான் ஐ.என்.எஃப்.ஜே., நீ என்ன என்று கேட்டுக்கொள்வது இப்போது ராசி பார்ப்பது போல ஆகிவிட்டது. யுங்கின் கருத்துகளை எடுத்துக்கொண்டு இந்த 16 வகைகளை அமெரிக்காவில் உருவாக்கியவர்கள் கேதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற அம்மாவும் மகளும். இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். பெரும்பாலானவர்கள் நடுவாக்கில்தான் இருப்பார்கள். தேர்வோ நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் அடுத்த மாதம் எழுதினால் எழுத்து மாறிவிடும். முழு இன்ட்ரோவர்ட், முழு எக்ஸ்ட்ரோவர்ட் என்று யாரும் கிடையாது என்று சொன்னவர் யுங்கேதான்.

எழுத்து மாறினாலும் பரவாயில்லை. எதையும் தட்டிக்கழிக்க அதைக் காரணமாகக் காட்டத் தொடங்குவதுதான் வம்பு. அதிகம் பேசாதவர் எல்லாம் ஆழமானவர், கலகலப்பானவர் எல்லாம் மேலோட்டமானவர் என்ற நினைப்பும் இதோடு சேர்ந்து வளரும். ஒன்றுமே யோசிக்காமல் சும்மா இருக்கும் இன்ட்ரோவர்ட்டுகளும் உண்டு, சுகமாக.

கூட்டத்துக்குப் போனால் நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை இன்ட்ரோவர்ட்டுகள் குறைத்தே கணிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கொஞ்ச நேரம் கலகலப்பாக நடந்துகொண்டால் அவர்களுக்கும் மனசு லேசாகிறது. அதற்காக நாள் முழுக்க நடிக்கத் தேவையில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு வாரம் முழுக்க எக்ஸ்ட்ரோவர்ட் போல நடந்துகொள்ளச் சொன்னபோது, அதிக இன்ட்ரோவர்ட்டாக இருந்தவர்கள் சோர்ந்துபோனார்கள், தாங்கள் தாங்களாக இல்லை என்றும் உணர்ந்தார்கள். கல்யாணத்துக்குப் போங்கள், எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்று கூட வருபவரிடம் போகும்போதே சொல்லிவிடுங்கள்.

போன் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. மணி அடிக்கிறது, திரையில் நெருங்கிய நண்பனின் பெயர். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அரை மணி கழித்து 'சொல்லுடா, கூப்பிட்டியா?' என்று வாட்ஸ்அப்பில் தட்டுவது. நமக்கு அது சின்ன விஷயம். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது ஒதுக்குவதாகத்தான் படும், நம் மனசுக்குள் எட்டிப் பார்க்க அவரால் முடியாது. 'இப்ப பேச முடியல, சாயங்காலம் கூப்பிடறேன்' என்று உடனே ஒரு வரி அனுப்பினால் போதும். அப்புறம் சாயங்காலம் கூப்பிடவும் வேண்டும். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.