ஒரு சிப்பாய் குறைந்தாலும் சமன் பிடிக்கலாம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கழகச் சதுரங்கப் போட்டிக்குப் போகிறவர்கள் இந்த ஒரு நிலையையாவது பழகி வையுங்கள். இரு பக்கமும் ராஜாவும் ஒரு கோட்டையும் மட்டுமே, எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல். தோல்வி என்று உடனே கை கொடுத்துவிட வேண்டாம்.

உங்கள் ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நிற்கட்டும். கோட்டையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து இடம் வலமாக நகர்த்துங்கள். எதிரி ராஜாவால் அதற்குள் வர முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த உடனே கோட்டையை எதிராளி பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய், பின்னாலிருந்து விடாமல் செக் வையுங்கள். ராஜாவுக்கு ஒளிய இடமே இராது. 1777இல் பிரெஞ்சுச் சதுரங்க வீரர் பிலிடோர் விளக்கிய அருமையான வழி இது. கடிகாரத்தில் நேரம் குறைந்திருந்தாலும் பதறாமல் ஆடலாம். ஆனால் எதிரி ராஜா ஏற்கெனவே அந்த வரிசைக்குள் வந்துவிட்டால், சரி, வேறு வழிதான் தேட வேண்டும்.